புரவி எடுத்த நாளில் போட்ட பாலம்

சின்னத்தாய்க்கு அந்த ஓடையின் மேல் இருந்த கோபம் நாவல்பட்டியில் வேறு யாருக்கும் கிடையாது. வருஷத்தில் பாதி நாள் அது வெறும் மணல் தடம். ஆடு மேய்க்கிறவன்கூட அதை ஓடை என்று மதிக்க மாட்டான். ஐப்பசி பிறந்து அழகர்மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால்தான் அதன் சுயரூபம் தெரியும். மேலூருக்குப் போகிற ஒரே வழியை நெஞ்சளவுத் தண்ணீர் அடைத்துக்கொண்டு ஓடும். அப்போதெல்லாம் ஊர்க்காரர்கள் கரையில் குந்தியபடி பீடி பற்றவைத்துக்கொண்டு, வடிந்ததும் போகலாம் என்பார்கள். ஏதோ ஓடை அவர்களுக்கு மாமன் மச்சான் மாதிரி.

அவள் வாக்கப்பட்டு வந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக முடியாமல் போனது ஓர் ஐப்பசியில்தான். வலி எடுத்தபிறகு கட்டிலோடு தூக்கிவந்து ஓடைக்கரையில் இறக்கி வைத்தார்கள். வடிந்ததும் போகலாம் என்றார்கள். இரண்டு நாள் வடியவில்லை. ஆண்பிள்ளை. அழாமலே பிறந்தது. அதற்குப் பேர்கூட வைக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், மழை இருட்டினால் அவள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அடுத்துப் பிறந்த ரோகிணி நல்லவேளையாகப் பங்குனியில் பிறந்தாள். வளர்ந்து, சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில் வாக்கப்பட்டாள். தொண்ணூற்றெட்டாம் வருஷம் அவள் உண்டான சேதி வந்தபோது சின்னத்தாய் விரலை மடக்கிப் பார்த்தாள். ஐப்பசியில் வந்து நின்றது. பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்ளுங்களேன் என்று சம்பந்தியம்மாளிடம் நயமாகக் கேட்டுப் பார்த்தாள். தலைப்பிள்ளைக்குப் பார்க்கத் தாய்வீட்டில் வக்கில்லையா என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்டுவிட்டாள். முன்கூட்டியே மேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், வலி வந்தபிறகு வா என்று அனுப்பிவிடுவார்கள். வளைகாப்பு முடிந்து மகள் தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சின்னத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஆடி மாசத்தில்தான் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். எல்லாம் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். தல்லாகுளத்தில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம் அவர்களை அழைத்து வந்திருந்தது. லீவுக்கு வந்து ஓடைக்குக் குறுக்கே நடைபாலம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்து அடுத்த ஊரில் கல் சுமக்கிறார்களே, அவர்கள் ஊரில் கல்லுக்குப் பஞ்சமா என்று ஊர் கொஞ்ச நாள் சிரித்தது. அப்புறம் அவர்கள் தோல் வெந்து உரிவதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பு நின்றது. ஊர்க்காரர்களும் வீட்டுக்கு ஓர் ஆள் முறைபோட்டு வேலைக்கு வந்தார்கள். குவாரியில் ஒதுக்கிப் போட்ட கற்களை வண்டிகளில் கொண்டுவந்து கொட்டினார்கள்.

பாலத்துக்குப் படம் போட்டவள் ஹெலன் என்கிற பெண். ஊர் அவளை எலன் என்றது. தங்குவதற்கு அவளுக்கு வாய்த்தது சின்னத்தாயின் வீடு. பாயில் படுத்தாள், கம்பங்கூழ் குடித்தாள், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துப் பழகித் தெருவெல்லாம் சிந்தினாள். அவளுக்கும் சின்னத்தாய்க்கும் நடுவே பேச்சுக்குப் பாலமாக இருந்தவன் அந்தத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்த பாலகணேஷ். மதுரைச் சௌராஷ்டிரப் பையன், சிவில் டிப்ளமா முடித்தவன், வீட்டில் ஒரு மொழி, ஆபீஸில் ஒரு மொழி, ஊரில் ஒரு மொழி என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் பேசிக் களைத்துப் போயிருப்பான். ஒருநாள் ரோகிணியின் வயிற்றைக் காட்டி எப்போது என்று ஹெலன் கேட்டாள். சின்னத்தாய் அந்தப் பழைய பிள்ளையின் கதையைச் சொன்னாள். பாலகணேஷ் அதை மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே ஹெலன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மழைக்கு முன்னால் பாலம் முடியும் என்று சொல்லச் சொன்னாள். யாரும் சின்னத்தாய்க்கு அப்படி ஒரு வாக்கு அதுவரை கொடுத்ததில்லை.

வேலை நன்றாகத்தான் ஓடியது. இரண்டு கரையிலும் கல் கட்டு எழுந்தது, நடுவில் தூண் எழுந்தது. மேலே சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பியும் கட்டி முடித்தார்கள். இனி கான்கிரீட் போட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஊரில் சாமி கேட்கிற நாள் வந்தது.

அய்யனாருக்குப் புரவி எடுப்பு நடக்காமல் சில வருஷம் தள்ளிப் போயிருந்தது. எடுப்பதா வேண்டாமா, எடுத்தால் என்றைக்கு என்பதைச் சாமிதான் சொல்ல வேண்டும். சாமி பேசுவது சாமியாடியின் வாய் வழியாக. அந்தச் சாமியாடி சின்னத்தாயின் புருஷன் முத்துக்கருப்பன். மற்ற நாளில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனுஷன். குவாரியில் உளி பிடிக்கிறவர். நாள் குறித்து, குதிரை செய்கிற வேளார் வீட்டுக்குக் கைப்பிடி மண்ணாகப் பிடிமண் கொடுத்துவிட்டால் ஊரே காப்புக்குள் வந்துவிடும். மண் குதிரைகள் செய்து முடித்துக் கோயிலுக்கு எடுத்து வந்து மூன்றாம் நாள் காப்பு இறக்கும்வரை மண்ணை வெட்டக் கூடாது, பச்சை மரம் தொடக் கூடாது, கலவை குழைத்துக் கட்டடம் கட்டக் கூடாது, அடுப்பில் தாளிக்கக்கூடக் கூடாது. இதெல்லாம் பாலகணேஷுக்குத் தெரியாது. மதுரைக்காரர்களுக்குச் சித்திரைத் திருவிழா தெரியும், பிடிமண் எங்கே தெரியப்போகிறது. ஊர்க்காரர்களோ, இது தெரியாமல்கூட ஒருத்தன் இருப்பான் என்று நினைக்காததால் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

சின்னத்தாய் புருஷனிடம் கெஞ்சினாள். ஒரு பத்து நாள் தள்ளிக் குறிக்கச் சொன்னாள். அவர் கூழைக் குடித்துவிட்டுக் கும்பாவைக் கீழே வைத்தார்.

"நானா சொல்றேன்? அந்நேரம் என் வாயில என்ன வருதுன்னு எனக்கே தெரியாது. ஒனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். அதுதான் கஷ்டமே. பொய்யாக ஆடுகிறவராக இருந்தால் அவரைச் சரிக்கட்டி இருக்கலாம்.

மந்தையில் கொட்டு அடித்தார்கள். அவருக்கு அருள் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை பிடிமண் எடு என்று சாமி சொன்னது. பொம்பளைகள் நிற்கிற இடத்திலிருந்து சின்னத்தாய் ஓடிப்போய்க் காலில் விழுந்தாள். மகள் வயிற்றில் இருப்பதைச் சொல்லி, பத்து நாள் தள்ளிக் கொடுக்கும்படி கேட்டாள். கொட்டு நின்றுபோனது.

"என் குதிரையவா நிறுத்தச் சொல்ற?" என்றது சாமி.

அவள் அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் அந்தக் கண்ணுக்குள் எங்கேயாவது தட்டுப்படுகிறாரா என்று தேடினாள். தட்டுப்படவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் கையில் மஞ்சள் காப்பு ஏறியது. பாலத்து வேலை அப்படியே நின்றது. குழம்பில் கடுகு பொரியும் சத்தத்தைக் காணோமே என்று ஹெலன்தான் முதலில் கேட்டாள். பாலகணேஷ் விசாரித்து வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தான். காப்பு இறங்குகிற அன்றைக்குத்தான் பிள்ளைகள் விமானம் ஏற வேண்டும். அதற்கப்புறம் கான்கிரீட் போட நாள் இல்லை. அவர்கள் போய்விட்டால் திட்டத்துக்கு ஆளும் இல்லை, சிமெண்டுக்கு வழியும் இல்லை.

"மழை எறங்குச்சுன்னா பலகை கம்பி எல்லாத்தையும் ஓடை அள்ளிட்டுப் போயிரும்க்கா. அடுத்த வருஷம்தான்" என்றான்.

அடுத்த வருஷம் யாருக்கு வேண்டும். சின்னத்தாய் உள்ளே எட்டிப் பார்த்தாள். ரோகிணி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

அன்றைக்கு முழுக்க அவள் யோசித்தாள். யோசித்து யோசித்து ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தாள். காப்பு யாருக்கு? ஊருக்கு. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஊரா? இல்லை. மேலூரிலிருந்து கூலிக்குக் கலவை போட வருகிறவர்கள் ஊரா? அவர்களும் இல்லை. ஊர்க்காரர் கை படாமல் வேலை நடந்தால் காப்புக்கு என்ன குறை. இதை அம்பலத்திடம் போய்க் கேட்டிருக்கலாம். ஊர்த் தலைவரான மலையாண்டி அம்பலம் நல்ல மனுஷன்தான், ஆனால் கூடாது என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. அதனால் கேட்காமலே, கேட்டதாகப் பாலகணேஷிடம் சொன்னாள். புரவி எடுக்கிற அன்றைக்கு ஊர் முழுக்க வேளார் கொட்டிலுக்குப் போய்விடும், அன்றைக்கு வெளியாளை வைத்துப் போட்டுக்கொள்ளச் சம்மதம் கொடுத்துவிட்டார்கள் என்றாள். அவன் நம்ப முடியாமல் பார்த்தான்.

"நானும் அம்பலம்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறட்டுமாக்கா?"

"வெரதத்துல இருக்காரு தம்பி. வெளியாளுகட்டப் பேச மாட்டாரு."

பொய் அவளுக்குப் பழக்கமில்லை. சொல்லி முடித்ததும் குடத்தை எடுத்துக்கொண்டாள். அவன் இன்னொன்று கேட்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள்.

புரவி எடுக்கிற அன்று காலையில் ஊர் கொட்டு முழக்கோடு ஓடையைத் தாண்டிப் போனது. முத்துக்கருப்பன் முன்னால் நடந்தார். நிறைமாசக்காரி இருக்கிற வீடு என்பதால் சின்னத்தாய் தங்கிக்கொண்டதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஊர்வலம் மறைந்ததும் மேலூர் ஆட்கள் வந்து தகரம் விரித்து ஜல்லியும் சிமெண்டும் கொட்டினார்கள். வர வேண்டிய ஆட்களில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். சட்டியைக் கைக்குக் கை மாற்றி அனுப்ப வெள்ளைக்காரப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சின்னத்தாய் ஓடைப் பள்ளத்திலிருந்து தண்ணீர் மட்டும் சுமந்தாள். தண்ணீர்தானே, மண் இல்லையே.

மத்தியானத்துக்குமேல் மேற்கே கருத்தது. கலவை பாதிப் பாலத்தில் நின்றது. அடுத்த கரைக்குச் சட்டி போய்ச் சேர ஓர் ஆள் இடைவெளி. ஹெலன் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்றது சின்னத்தாய். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், நீட்டினாள். சின்னத்தாய் ஒரு மூச்சு நேரம் நின்றாள். தூறல் ஒன்று கையில் விழுந்தது. வாங்கிவிட்டாள். வாங்கி அடுத்த ஆளிடம் கொடுத்தாள். அதற்கப்புறம் எத்தனை சட்டி வாங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

மழை ஏமாற்றிவிட்டுப் போனது. கடைசிச் சட்டி கொட்டி மட்டம் தட்டும்போது கொட்டுச் சத்தம் கேட்டது. நினைத்ததைவிட முன்னாலேயே ஊர் திரும்பிவிட்டது. அக்கரையில் மண் குதிரைகள் தோள்களின் மேல் வந்தன. அவற்றுக்கு முன்னால் அரிவாளோடு முத்துக்கருப்பன் ஆடிக்கொண்டு வந்தார். ஓடைக்கரைக்கு வந்தவர் பாலத்தைப் பார்த்தார். ஈரமாக, சாம்பல் நிறத்தில் இக்கரைவரை வந்து கிடந்தது. அதன் முனையில் முழங்கைவரை சிமெண்டோடு அவர் பெண்டாட்டி நின்றாள்.

ஆட்டம் நின்றுவிட்டது. சாமி மலையேறுகிறபோது ஒரு முறை உண்டு, விபூதி கொடுத்து, தண்ணீர் தெளித்து வழியனுப்புவார்கள். இது அப்படி இல்லை. அரிவாளைத் தாழ்த்திக்கொண்டு, தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆளைப்போல அவர் சுற்றிலும் பார்த்தார். கொட்டுக்காரர்கள் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார்கள். வரவில்லை. குதிரைகளைச் சும்மா சுமந்து கொண்டுபோய்க் கோயிலில் வைத்தார்கள்.

ஹெலன் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தாள். ஊரே கொட்டடித்து வந்தது பாலத்தைப் பார்க்கத்தான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

கூட்டம் போட்டார்கள். சின்னத்தாய் எதையும் மறைக்கவில்லை. பாலகணேஷ் எழுந்து, தான் நேரில் வந்து கேட்காதது தன் தப்பு என்றான். அவனை உட்காரச் சொல்லிவிட்டார்கள். இடித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். இடிக்கிறதும் வேண்டாம், ஊர்க் கால் அதில் படவும் வேண்டாம் என்று அம்பலம் முடித்தார். போகிற அன்றைக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகள் பாலத்துக்கு ரிப்பன் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சின்னத்தாய் ஒருத்திதான் வந்தாள். மற்றவர்கள் எங்கே என்று ஹெலன் கேட்டாள். திருவிழா அலுப்பு என்று சொல்லச் சொன்னாள் சின்னத்தாய். பாலகணேஷ் தலையைக் குனிந்துகொண்டு அதையே இங்கிலீஷில் சொன்னான். ஹெலன் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள், சந்தோஷத்தில். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கச் சின்னத்தாய்க்கு மனசு வரவில்லை. பலகையைக் கழற்றப் பாலகணேஷ் பிறகொரு நாள் மேலூர் ஆட்களோடு வந்து போனான்.

முத்துக்கருப்பன் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. போட்ட சோற்றைத் தின்றார். ஒருநாள் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருந்தா விட்டிருப்பியளா?"

அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். "விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

ஐப்பசி தப்பாமல் வந்தது. மழை பிடித்த மூன்றாம் நாள் மத்தியானம் ரோகிணிக்கு வலி எடுத்தது. பிள்ளை எடுக்கிற தங்கப்பொண்ணு வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சின்னத்தாயை வெளியே அழைத்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது, மேலூருக்குக் கொண்டுபோனால்தான் இரண்டு உசுரும் மிஞ்சும் என்றாள். ரோகிணியின் புருஷன் சோழவந்தானில் இருந்தான். முத்துக்கருப்பனும் இன்னும் மூன்று பேரும் கட்டிலோடு தூக்கினார்கள். ஓடையில் தண்ணீர் செக்கச்செவேலென்று நெஞ்சளவு ஓடியது. கட்டிலைச் சுமந்து அதில் இறங்க முடியாது. பாலத்து முனைக்கு வந்ததும் நாலு பேரும் நின்றார்கள். கட்டிலைக் கீழே வைத்தார்கள்.

குடை பிடித்துக்கொண்டு வந்த அம்பலம் தண்ணீரைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், பாலத்தை மட்டும் பார்க்கவில்லை. வடிந்ததும் போகலாம் என்றார்.

சின்னத்தாய்க்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதே கரை, அதே வார்த்தை. அன்றைக்குக் கட்டிலில் கிடந்தது அவள், இன்றைக்கு அவள் மகள். ஊர்க்காரர்களிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"ஒங்க மகளைத் தூக்குங்க."

அவர் குனிந்து கட்டிலைப் பிடித்தார். ஒரு காலைத் தூக்கிப் பாலத்தின் மேல் வைக்கப் போனார். கால் இறங்கவில்லை. முகம் மழையில் நனைந்ததா அழுததா என்று தெரியவில்லை.

"முடியலடி" என்றார்.

தங்கப்பொண்ணு வெற்றிலையைத் துப்பிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான் பிள்ள எடுக்கிறவ. எனக்குத் தீட்டு இல்லாத நாளு எது. நீ அந்தப் பக்கம் பிடி ஆத்தா" என்றாள்.

இரண்டு பெண்களும் கட்டிலைத் தூக்கினார்கள். எப்படித் தூக்கினார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் தங்கப்பொண்ணு கையை விரித்துக் காட்டுவாள். நாலு எட்டு வைத்திருப்பார்கள், பின்னால் கரையில் கூச்சல் கேட்டது. முத்துக்கருப்பன் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். பாலத்துக்குக் கீழ்ப்பக்கமாக, நெஞ்சளவு வெள்ளத்தில், கையைத் தூக்கிப் பாலத்தின் விளிம்பைப் பிடித்தபடி, கட்டிலுக்கு நேராக நடந்து வந்தார். கட்டில் சரிந்தால் பிடிக்கிறதற்கு. நடுத்தூண் பக்கம் சின்னத்தாய்க்குக் கை விட்டுப்போகிற மாதிரி இருந்தது. நின்றாள். கீழே பார்த்தாள். தண்ணீருக்குமேல் அவர் முகம் மட்டும் அண்ணாந்து தெரிந்தது.

"நட. நிக்காத" என்றார்.

அவள் நடந்தாள். அக்கரையில் ஏறியதும் அவர் கட்டிலின் முன்பக்கத்தை வாங்கிக்கொண்டார். மேலூர் ரோட்டில் பஸ் நிற்கிற விலக்குவரை அவர் தோளைவிட்டு இறக்கவில்லை. மேலூரில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண்பிள்ளை. அழுதது. அந்த அழுகையைக் கேட்டுச் சின்னத்தாய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, இருபது வருஷத்து அழுகையைச் சேர்த்து அழுது தீர்த்தாள்.

ஊர்க் கட்டுப்பாடு வெகுநாள் நிற்கவில்லை. முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடினார்கள், அப்புறம் பால் கேன்கள் போயின. கடைசியில் அம்பலமே டிவிஎஸ் வண்டியை அதன் மேல் உருட்டிக்கொண்டு போனார். சின்னத்தாயிடம் யாரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. முத்துக்கருப்பன் மட்டும் அதில் ஏறவில்லை. கோடையில் மணலில் நடப்பார், மழையில் தண்ணீரில் நடப்பார். இடுப்பு நனைந்த வேட்டியோடுதான் பேத்தியைப் பார்க்கச் சோழவந்தானுக்குப் போவார். சாமி அவர் மேல் திரும்ப வரவே இல்லை. திருவிழாவில் வேறொருத்தர் ஆட, அவர் பின்வரிசையில் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கோலத்தைப் பார்க்க முடியாமல் சின்னத்தாய் பாதியிலேயே எழுந்து வந்துவிடுவாள். மறுபடி அந்த நாள் வந்தாலும் அந்தச் சட்டியை வாங்கத்தான் செய்வாள் என்பதும் அவளுக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்து அதை ஒருநாளும் அவளால் சொல்ல முடியவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் அவர் இறந்தார். அதுவும் ஐப்பசி. குவாரித் தூசி நெஞ்சில் சேர்ந்திருந்தது. சுடுகாடு ஓடைக்கு அக்கரையில். தண்ணீர் இடுப்புக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. இளவட்டங்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு பழக்க தோஷத்தில் பாலத்தில் காலை வைத்துவிட்டார்கள்.

"நில்லுங்க" என்றாள் சின்னத்தாய்.

பொம்பளைகள் ஓடைக்கரையோடு நின்றுகொள்ள வேண்டும். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தண்ணியில கொண்டு போங்க."

கிழவராகிவிட்ட அம்பலம் தயங்கினார். "ஆத்தா, இம்புட்டுத் தண்ணி ஓடுது. பாலந்தான் இருக்குல்ல" என்றார்.

"அவரு போற வழி அதுதான்."

இளவட்டங்கள் பாலத்திலிருந்து காலை எடுத்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாடையைத் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு இறங்கினார்கள். சின்னத்தாய் பாலத்தில் ஏறினாள். பாடைக்கு நேராக, அதன் வேகத்துக்கே நடந்தாள். அவர் கிடந்த உயரமும் அவள் பாதம் இருந்த உயரமும் ஒன்றாக இருந்தன. போகக் கூடாது என்று அவளை யாரும் தடுக்கவில்லை. நடுத்தூண் பக்கம் இழுப்பு அதிகம். தூக்கியவர்கள் தடுமாறி நின்றார்கள். அவள் விளிம்பில் குனிந்து, அவர் தலைமாட்டுக் கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"நடங்கப்பா. நிக்காதீங்க" என்றாள்.